மெஜஸ்டிக் வரை போயிருக்கிறாய்

அன்புள்ள தம்பிக்கு,

"இத்தனை மாசம் தெரபிக்குப் போயும் பழையபடியேதாம்மா இருக்கேன்" என்று நேற்று போனில் சொன்னாய். போனிலேயே நான் பதில் சொல்லியிருந்தால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிட்டிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். அவசரமில்லாமல் படி.

வியாழக்கிழமை பெங்களூர் மெட்ரோவில், மெஜஸ்டிக் ஸ்டேஷனில் உனக்குப் படபடப்பு வந்தது. நெஞ்சு அடைத்தது, விரல்கள் மரத்தன, இதோடு முடிந்தது என்று தோன்றியது. பட்டது நீ, அதை நான் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது எங்கே வந்தது என்று பார். போன வருஷம் இந்திரா நகரில் ஏறி எம்.ஜி. ரோட்டிலேயே இறங்கிவிடுவாய். அதைத் தாண்டினால் ரயில் பூமிக்குள் இறங்கிவிடும் என்று பயம். அங்கிருந்து பீன்யா ஆபீஸ் வரைக்கும் ஆட்டோ. கப்பன் பார்க், விதான சௌதா எல்லாம் உனக்கு மேப்பில் பார்த்த பெயர்கள்தான். அப்போது மெஜஸ்டிக்கில் உனக்கு அந்தப் படபடப்பு வந்திருக்கவே முடியாது, நீ அங்கே போனதே கிடையாதே! இன்றைக்கு அந்தச் சுரங்கம் முழுக்கக் கடந்து போய், பச்சை லைனுக்கு மாறுகிற அந்தக் காலைக் கூட்டத்தில் தினமும் நிற்கிறாய். அப்படி நின்ற நாட்களில் ஒரு நாள் வந்திருக்கிறது. இதை எப்படியடா பழையபடி என்று சொல்வாய்?

வந்ததும் என்ன செய்தாய் என்பது எனக்கு இன்னும் முக்கியம். முன்பெல்லாம் கேஷுவாலிட்டிக்கு ஓடுவாய். ஈசிஜி எடுப்பார்கள், ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், இதயத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்புவார்கள். சில நாளில் திரும்பவும் ஓடுவாய். இந்தத் தடவை பெஞ்சில் உட்கார்ந்தாய், அது ஏறி இறங்கும்வரை இருந்தாய், அடுத்த வண்டியில் ஏறி ஆபீஸுக்குப் போனாய். அப்பாவிடம் சொன்னேன். "திரும்பி வீட்டுக்குப் போகலையே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

உன் தெரபிஸ்ட் கொடுத்த தாளில் ஒரு வட்டம் போட்டிருந்ததே, பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் எழுதியது என்று சொன்னாய், அதை நான் மறக்கவில்லை. நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கும். 'ஹார்ட் அட்டாக்தான்' என்று மனசு அர்த்தம் பண்ணிக்கொள்ளும். அந்தப் பயத்தில் அட்ரினலின் சுரந்து நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கும். மூச்சை வேகவேகமாக இழுப்பதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், அதனால் விரல் மரக்கும், தலை சுற்றும். அதைப் பார்த்து மனசு இன்னும் பயப்படும். வார்டில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவள் நான். இப்படி வந்து படுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வட்டத்தை ஒரு இடத்தில் அறுக்கத்தான் உனக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். வியாழக்கிழமை நெஞ்சு வேகமாக அடித்தும் நீ ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அங்கேதான் அறுத்திருக்கிறாய்.

அப்புறம் அந்த மார்க். பதற்றம் எவ்வளவு என்று அளக்க ஜிஏடி-7 என்று ஏழு கேள்வி, மொத்தம் 21, குறைந்தால் நல்லது. முதலில் உனக்கு 18 வந்தது, பிறகு 8-க்கு இறங்கியது, இப்போது 11. அந்த மூன்று புள்ளி ஏறியதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். அந்தக் கேள்விகள் கடைசி இரண்டு வாரத்தைத்தான் கேட்கின்றன. நடுவில் இப்படி ஒரு வியாழக்கிழமை வந்தால் ஏறத்தானே செய்யும்? டைபாய்டு நோயாளிக்கு மருந்து ஆரம்பித்த பிறகும் சில நாள் சாயங்காலம் ஜுரம் ஏறும். கூட இருப்பவர்கள் "திரும்ப வந்துடுச்சே சிஸ்டர்" என்று அழுவார்கள். நாங்கள் டெம்பரேச்சர் சார்ட்டைக் காட்டுவோம். நேற்றைய சாயங்காலத்தைவிட இன்றைய சாயங்காலம் குறைவாக இருக்கும், அதற்கு முந்தின நாளைவிட நேற்று குறைவாக இருந்திருக்கும். உன்னுடைய 11-ஐ 18-க்குப் பக்கத்தில் வைத்துப் பார், தம்பி. எட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துப் பார்க்காதே.

உனக்கே இது தெரியாமல் போவதில் எனக்கு ஆச்சரியமில்லை. பயம் வந்தால் உடம்பு முழுக்கத் தெரிகிறது. வராமல் போன நாளை யார் கவனிக்கிறார்கள்? சாதாரணமாகக் கழிந்த நாள் நினைவில் தங்குவதில்லை. வெளியிலிருந்து பார்க்கிற எங்களுக்குத்தான் அது பளிச்சென்று தெரிகிறது.

இந்த மாட்டுப் பொங்கலை எடுத்துக்கொள். பெரிய கோவிலில் நந்திக்குக் காய்கறியும் பழமும் இனிப்புமாகச் சாத்தியிருந்தார்கள். கூட்டம் எப்படி நெருக்கும் என்று உனக்குத் தெரியும். போன வருஷம் நீ செருப்பு விடுகிற இடத்தைத் தாண்டவில்லை, "நீங்க போயிட்டு வாங்க" என்று நின்றுவிட்டாய். இந்த வருஷம் அக்கா பொண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு நந்தி மண்டபத்துக்குப் பக்கத்திலேயே நின்றாய். அவள் பூசணிக்காய் எத்தனை, கத்திரிக்காய் எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், நீயும் சளைக்காமல் எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தாய். வெளியே எப்படிப் போவது என்று வழி தேடாமல் நீ நின்றதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு ராத்திரி அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை, அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது.

இன்னொன்று. முன்பு ரயிலில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை எனக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டே போவாய். கையில் தண்ணீர் பாட்டில், சட்டைப் பையில் மாத்திரை, காதில் அம்மா. இதையெல்லாம் ஒவ்வொன்றாக விடச் சொன்னார்கள் என்றாய். பாட்டிலை முதலில் விட்டாய். இப்போது காலையில் எனக்கும் போன் வருவதில்லை. அம்மாவுக்கு வருத்தமாக இருக்குமோ என்று யோசிக்காதே. அந்த நேரத்தில் போன் மணி அடிக்காதபோது, பிள்ளை தானாகவே போய்க்கொண்டிருக்கிறான் என்று எனக்குள் அவ்வளவு சந்தோஷம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. உனக்குத் தூக்கம் இன்னும் சரியில்லை. விமானம் என்றாலே முகம் மாறுகிறது. சட்டைப் பையில் அந்த மாத்திரை இன்னும் இருக்கிறது. அதெல்லாம் இருக்கட்டும், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். வீட்டுக்கு வருகிறவர்கள் "இதுக்கெல்லாம் எதுக்கு டாக்டர், கோவிலுக்குப் போனா போதாதா" என்றால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், நீ அதைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

செவ்வாய்க்கிழமை செஷன் என்றாயே. முதல் மாதம் பயப்படுகிற இடங்களையெல்லாம் எழுதி ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று போட்டீர்களே, அந்தப் பட்டியலை எடுக்கச் சொல். பழைய எண்ணை மறைத்துக்கொண்டு, இன்றைக்கு எவ்வளவு என்று புதிதாகப் போடு. அப்புறம் இரண்டையும் சேர்த்துப் பார். குறையாமல் நிற்கிற இடம் ஏதாவது இருந்தால், அதை அவரிடம் வெளிப்படையாகக் கேள். இந்த முறை உனக்குப் பொருந்தவில்லை என்று தோன்றினாலும் கேட்கலாம், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். தூக்கத்தைப் பற்றியும் அன்றைக்கே பேசிவிடு. ராத்திரி எட்டு மணிக்குக் குடிக்கிற அந்தக் காபியை மட்டும் இன்றையிலிருந்தே நிறுத்து. அது தூக்கத்தையும் கெடுக்கும், படபடப்பையும் கிளப்பிவிடும்.

அன்புடன்,
அம்மா
தஞ்சாவூர்