'அரட்டை' செயலியைச் செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸோஹோவில் 'அரட்டை' செயலியை உருவாக்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

தென்காசியில் பதினெட்டு வருஷம் டிடிபி கடை வைத்திருந்தவன் நான். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பதினாறாம் நாள் கார்டு என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் என் கீபோர்டு வழியாகத்தான் போயிருக்கிறது. மத்தளம்பாறையில் உங்கள் அலுவலகம் வந்தபோது அங்கே வேலை கேட்டுப் போன பையன்களுக்குப் பயோடேட்டா அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆகவே இதை வெளியாளின் வம்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரன் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2025 செப்டம்பர் கடைசியில் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் சித்தப்பா ஓர் உத்தரவு போட்டார்: "நாளைக்குள்ள எல்லாரும் அரட்டைக்கு வந்திருங்க. நம்ம ஊர்க்காரங்க செஞ்சது." நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்தது மூன்றே நாளில் 3,50,000 ஆகிவிட்டதாக உங்கள் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு எழுதியது அந்த நாட்களில்தான். அந்தக் கூட்டத்தில் எங்கள் வீட்டு ஆட்கள் பத்தொன்பது பேர். வடக்கே அந்தப் பெயரைச் சொல்வதற்குள் நாக்கு சுளுக்கிக்கொண்டாலும், ஒரு தமிழ்ச் சொல் நாடு முழுக்கப் புழங்கியதில் எனக்கும் சந்தோஷம்தான்.

கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் என் அண்ணன் மகள் குழுவிலேயே கேட்டுவிட்டாள்: "தாத்தா, இதுல நாம பேசுறத அவங்களால படிக்க முடியுமா?" சித்தப்பாவிடம் பதில் இல்லை, ஒரு கும்பிடு பொம்மை மட்டும் வந்தது. அன்றைக்கு உண்மையான பதில் 'முடியும்' என்பதுதான். பேசுகிற இருவரைத் தவிர நடுவில் யாரும், நிறுவனம்கூட, புரிந்துகொள்ள முடியாதபடி பூட்டி அனுப்புவதற்கு முனைக்கு முனை மறையாக்கம் என்று பெயர். அழைப்புகளுக்கு அது இருந்தது, எழுதும் செய்திகளுக்கு இல்லை. பிறகு அதையும் கொண்டுவந்தீர்கள். நல்லது.

அவள் இப்போது கேள்வியை மாற்றிவிட்டாள். "மறையாக்கம் இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்?" அதற்கு என்னிடம் உள்ள ஒரே பதில், 'ஸோஹோ சொல்கிறது' என்பது. வாட்ஸாப்பிலும் இதே கதைதான். 2016 ஏப்ரலில் எல்லாச் செய்திகளுக்கும் மறையாக்கம் வந்துவிட்டது என்றார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்னல் நெறிமுறை, அதாவது பூட்டும் விதிமுறை, ஊரறிந்தது. அதை வைத்துச் செய்த செயலியின் மூல நிரல், அதாவது புரோகிராமர்கள் எழுதிய சோர்ஸ் கோடு, மட்டும் மூடிக் கிடக்கிறது. மெட்டாவின் சொல்லை நம்ப முடியாது என்றுதானே ஜனங்கள் உங்களிடம் வந்தார்கள்? வந்த இடத்திலும் சொல்லைத்தான் நம்ப வேண்டும் என்றால், மாறியது முதலாளியின் ஊர் மட்டும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அரட்டைச் செயலியின் மூல நிரலை, யாரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் விடுகிற கட்டற்ற உரிமத்தில் வெளியிடுங்கள்.

மூடிய மென்பொருளை நம்பினால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 1990களின் பிற்பாதியில் கடையில் அடித்த தமிழ் அத்தனையும் ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில். பெயர் வேண்டாம், இப்போது அந்த நிறுவனமே இல்லை. அந்தக் காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியாக்கம். ஒருவர் 'அ'வை வைத்த எண்ணில் இன்னொருவர் 'ணை'யை வைத்திருப்பார். எந்த எண்ணில் எந்த எழுத்து என்பது அவரவர் தொழில் ரகசியம். எழுத்துருவோடு ஒரு டாங்கிள் வரும். கணினியின் முதுகில் அதைச் செருகினால்தான் தமிழ் தெரியும். ஒரு நாள் டாங்கிள் செத்தது. புதிது வாங்கப் போனால் கம்பெனி கதவு பூட்டியிருந்தது.

2009ல் ஒரு பெரியவர் வந்தார். அவருடைய அப்பாவுக்காக முன்பு நான் அடித்துக் கொடுத்த நாற்பது பக்க நினைவு மலரை மறுபடி அச்சுப் போட வேண்டும் என்றார். சிடி பத்திரமாக இருந்தது, கோப்பும் திறந்தது. திரையில் பார்த்தால் ஆங்கில எழுத்தும் டாலர் குறியும் கேள்விக்குறியும் கலந்த ஒரு கூட்டாஞ்சோறு. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தார் போல. பழைய பிரதி ஒன்றைத் தேடிப்பிடித்து நாற்பது பக்கத்தையும் திரும்ப அடித்தேன். காசு வாங்க மனசு வரவில்லை.

டாங்கிளோடு நான் மல்லுக்கட்டிய அந்த 1990களில்தான் உலகமெல்லாம் சிதறிக் கிடந்த தமிழர்கள் மின்மடலிலேயே பேசிப் பேசி 'டிஸ்கி' குறியாக்கத்தை உருவாக்கி, அட்டவணையை எல்லார் கையிலும் கொடுத்தார்கள். 1999ல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதையொட்டித் தமிழ்நாடு அரசு டேப், டேம் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக ஏற்றது. டிஸ்கியில் எழுதியது எதுவாக இருந்தாலும் இன்றைக்கும் நொடியில், உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு குறியாக்கத்துக்கு மாற்றிவிடலாம், அட்டவணை பொதுவில் இருப்பதால். பிறகு நாங்கள் கடையில் யூனிகோடுக்கு வந்ததே மூல நிரலோடு இலவசமாகக் கிடைத்த எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் புண்ணியத்தில்தான். அரட்டையில் இன்று தமிழ் ஓடுகிறதே, அந்தப் பாதையைப் போட்டவர்களில் பலர் ஒரு பைசா வாங்காதவர்கள்.

'நிரலைக் காட்டினால் திருடனுக்கு வழி காட்டியதாகாதா?' என்று உங்கள் மேலிடத்தில் கேட்கலாம். இதற்கு 1883லேயே பதில் சொல்லிவிட்டார் அகுஸ்ட் கெர்க்கோஃப்ஸ். ராணுவ மறையாக்கம் பற்றி எழுதினார், ஆனால் ஆள் ஒரு மொழி வாத்தியார். முறை எதிரி கையில் சிக்கினாலும் பாதகம் வரக்கூடாது, ரகசியம் சாவியில் மட்டும் இருந்தால் போதும் என்றார். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வாசலில் நின்றால் பூட்டு எப்படிச் செய்கிறார்கள் என்று முழுசாகப் பார்த்துவிடலாம். அதனால் உங்கள் வீட்டுப் பூட்டு திறந்துகொள்ளப் போவதில்லை.

சிக்னல் என்ற செய்திச் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு, ஐஃபோன், கணினி, சர்வர் எல்லாவற்றின் நிரலும் பொதுவில் உண்டு. அவர்களும் யோக்கிய சிகாமணிகள் அல்ல. 2020 ஏப்ரலிலிருந்து ஏறக்குறைய ஒரு வருஷம் சர்வர் நிரலைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். கவனித்தவர்கள் கேட்டுக் கேட்டுத் துளைத்த பிறகு 2021 ஏப்ரலில் மொத்தமாகக் கொட்டினார்கள். அதற்குள் கிரிப்டோ நாணயம் அனுப்பும் வசதி உட்கார்ந்திருந்தது. எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. ஆனால் என்ன நுழைந்தது என்று தெரிந்து கோபப்பட முடிந்தது. அரட்டையில் என்ன நுழைகிறது, என்ன போகிறது என்று கோபப்படக்கூட எங்களுக்கு வழியில்லை.

2016ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து சிக்னலுக்கு ஒரு சம்மன் வந்தது. பயனரைப் பற்றி அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். வேறு எதையும் அவர்கள் சேர்த்து வைக்கவில்லை.

நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கேட்டால் காட்ட வேண்டும் என்கின்றன 2021ன் தகவல் தொழில்நுட்ப விதிகள். அதை எதிர்த்த வழக்கில், மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொன்னது வாட்ஸாப். அவர்கள் போகலாம். நீங்கள் எங்கே போவீர்கள்? இங்கேதான் இருந்தாக வேண்டும். 'இந்தியர்களின் தரவு இந்தியாவிலேயே இருக்கிறது' என்று நீங்கள் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. சர்வர் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் அதிகாரியின் கை அங்கே எட்டும். 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல் உங்கள் தளத்துக்கு வந்துவிட்டது. அரசாங்கம் இன்று உங்கள் பெரிய வாடிக்கையாளர். நாளைக்கே ஓர் அதிகாரி போன் போட்டு, "சின்ன உதவி, வெளியே தெரிய வேண்டாம்" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? உங்கள் மனசு நல்ல மனசாகவே இருக்கட்டும். மறுப்பதற்கு ஒரு காரணம் கையில் வேண்டுமே. 'சார், நிரல் ஊருக்கே தெரியும், ஒரு வரி மாற்றினாலும் விழுப்புரத்தில் ஒரு பையன் கண்டுபிடித்துவிடுவான்' என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு நிம்மதி! அந்தக் காரணத்தை உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விழுப்புரம் என்று சும்மா சொல்லவில்லை. அங்கே குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்குகிறது. சென்னையில் ஒரு குழு உண்டு. தமிழிலேயே கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதும் கணியம் இருக்கிறது. எனக்கு நிரல் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை, அவ்வளவுதான். அரசாங்கமே இதைச் செய்திருக்கிறது. கொரோனா காலத்தில் ஆரோக்கிய சேது மீது சந்தேகம் கிளம்பியதும் 2020 மே 26 அன்று அதன் ஆண்ட்ராய்டு நிரலை வெளியிட்டார்கள்.

வியாபாரக் கவலையும் இருக்கும். நிரலை எடுத்து இன்னொருவன் கடை போட்டுவிட்டால்? போடட்டுமே. இந்தத் தொழிலில் காசு தின்பது நிரலை விட சர்வர்தான். 2025 வாக்கில் தங்களுக்கு வருஷத்துக்கு 5 கோடி டாலர் தேவைப்படும் என்று 2023 நவம்பரில் கணக்குக் காட்டியது சிக்னல். பதிவு செய்யும்போது வருகிற எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 லட்சம் டாலர். அந்தச் செலவை எவனும் காப்பி அடிக்க முடியாது. அஃபெரோ ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டால், உங்கள் நிரலை மாற்றிச் சேவை நடத்துகிறவன் தன் மாற்றங்களையும் பயனர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். உங்களுக்கு வருமானம் அலுவலக மென்பொருளிலிருந்து, அரட்டையிலிருந்து அல்ல. இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

எதை முதலில் வெளியிடலாம் என்று கேட்டால், ஆண்ட்ராய்டு செயலியை. நம் ஜனங்களிடம் இருப்பது அதுதான். நிரலை மட்டும் போட்டால் போதாது. ப்ளே ஸ்டோரில் இருக்கும் செயலி அதே நிரலிலிருந்துதான் வந்தது என்று வெளியாள் தானே தொகுத்து (கம்பைல் செய்து) சரிபார்க்கும்படி இருக்க வேண்டும். சிக்னல் இதை 2016லிருந்து ஆண்ட்ராய்டில் செய்கிறது. கட்டற்ற செயலிகளுக்கான எஃப்-டிராய்டு தளத்திலும் போடுங்கள், அங்கே அவர்களே நிரலிலிருந்து தொகுத்துத்தான் தருவார்கள். அறிவிப்புகளையும் கொஞ்சம் யோசியுங்கள். சுதேசிச் செயலி என்கிறோம், ஆனால் ஆண்ட்ராய்டில் செயலிகளின் 'புதுச் செய்தி' மணி வழக்கமாகக் கூகுள் வழியாகவும், ஐஃபோனில் ஆப்பிள் வழியாகவும்தான் அடிக்கிறது. யாருக்கு எப்போது மணி அடித்தது என்ற அந்தக் கணக்கையே அரசாங்கங்கள் இந்த நிறுவனங்களிடம் கேட்டு வாங்குகின்றன என்று 2023 டிசம்பரில் அமெரிக்க செனட்டர் ரான் வைடன் வெளியே சொன்னார். ஆண்ட்ராய்டில் யூனிஃபைடுபுஷ் என்ற திறந்த வழி இருக்கிறது. விரும்புகிறவர்களுக்காவது அதைக் கொடுக்கலாம்.

இன்னொன்று, நீங்களே சொன்னது. செய்திச் செயலிகள் யுபிஐ போல, மின்னஞ்சல் போல ஒன்றோடொன்று பேச வேண்டும், வாட்ஸாப் போல மூடிக் கிடக்கக் கூடாது, ஏகபோகம் எங்களுக்கு வேண்டாம் என்று 2025 செப்டம்பர் கடைசியில் வேம்பு எழுதினார். நெறிமுறைகளைத் தரப்படுத்தி வெளியிட இந்திய மென்பொருள் துறைச் சிந்தனைக் குழுவான ஐஸ்பிரிட்டின் ஷரத் ஷர்மாவோடு பேச்சு தொடங்கியதாகவும் சொன்னார். அதைப் படித்த அன்றைக்கு எனக்கு அந்தப் பழைய டாங்கிள் ஞாபகம் வந்து, அட, நம்மாள் ஒருத்தர் புரிந்து வைத்திருக்கிறாரே என்று தோன்றியது. அந்தப் பேச்சு எங்கே நிற்கிறது, நெறிமுறை எப்போது வெளிவரும் என்று ஒரு தேதி சொல்லுங்கள். தள்ளிப் போனாலும் பரவாயில்லை, தேதி இருக்கட்டும்.

சித்தப்பா இன்னும் அரட்டையில்தான் இருக்கிறார். காலை ஐந்தரைக்கெல்லாம் தாமரைப் பூவோடு வணக்கம் வந்துவிடும். அண்ணன் மகள் சிக்னலுக்குப் போய்விட்டாள். நான் இரண்டிலும் வாட்ஸாப்பிலும் சேர்த்து, மூன்று இடத்தில் ஒரே பேரன் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிரலை வெளியிடுகிற அன்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவள் தன் லேப்டாப்பில் தொகுத்துப் பார்த்துவிட்டு, அன்றைக்குக் கேட்ட கேள்விக்குத் தாத்தாவிடம் தானே பதில் சொல்லிக்கொள்வாள்.

அன்புடன்,
தென்காசியிலிருந்து ஒரு பழைய டிடிபி கடைக்காரன்