கதவு எண்கள்

அன்புள்ள வசந்தி,

கடிதம் வந்தது. மருமகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். முட்டிக்கு ஊசி போடப் போவதாக எழுதியிருந்தாயே, போட்டுக்கொண்டாயா?

போன வாரம் எழும்பூர் பக்கம் ஒரு வேலை. நம் ஓவியக் கல்லூரியில் பிள்ளைகளின் கண்காட்சி என்று கேள்விப்பட்டு உள்ளே நுழைந்துவிட்டேன். 'நானும் என் நகரமும்' மாதிரி ஒரு தலைப்பு. ஒரு பையன் மெட்ரோ கண்ணாடியில் தன் முகமும் ஊரும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிவதை வீடியோ எடுத்திருந்தான். படம் பரவாயில்லை; பக்கத்தில் ஒட்டியிருந்த விளக்கம்தான் ஒரு முழம். இப்போது எல்லோருமே இப்படித்தான் எழுதி ஒட்டுகிறார்கள்.

விளக்கமே இல்லாத ஒன்று என்னை அரைமணி நேரம் நிறுத்திவைத்தது. மெல்லிய தாளைக் கதவு எண்ணின்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சுகள். ஆணித் துளை, பெயின்ட் உரிந்த இடம், எண்ணைச் சுரண்டித் திருத்திய கீறல் எல்லாம் தாளில் ஏறியிருந்தன. ஒவ்வொரு எண்ணுக்குக் கீழும் தீப்பெட்டி அளவில் ஒரு ஜோடி கண்ணும் புருவமும், வேறொன்றும் இல்லை. வரைந்த பெண் கண்ணகி நகர்க்காரி. 2000த்திலிருந்து கூவம், அடையாறு ஓரங்களில் இருந்தவர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றினார்களே, அந்த இடம். அவள் பாட்டி வீடும் அப்படிப் போனதுதான்.

"கண்கள் யாருடையவை?" என்றேன். "அட்ரஸ் கேட்டவங்களோடது, மேடம். சொன்னதும் புருவம் லேசா அசையும், அதைத்தான் போட்டேன்" என்றாள். துணிக்கடை மேனேஜர், ஹாஸ்டல் வார்டன், சவாரிக்கு வர மறுத்த ஆட்டோக்காரர். கோபமாக ஒரு கோடுகூட இல்லை, வசந்தி. வார்டனின் கண்ணில் கொஞ்சம் கருணைகூட இருந்தது. அதைப் பார்க்கத்தான் கூச்சமாக இருந்தது.

2020லிருந்து அங்கே சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்திருக்கிறார்கள், பத்திரிகையில் பார்த்திருப்பாய். அதைப் பற்றிக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா போட்டோ எடுக்க வர்றவங்க மேலயே பார்த்துட்டுப் போயிடறாங்க" என்றாள்.

நாம் படித்த காலத்தில் வெளியே போய் வரைகிற அவுட்டோர் வகுப்பு நினைவிருக்கிறதா? சென்ட்ரல், 1985இல் எரியும்வரை மூர் மார்க்கெட். பழைய புத்தகக் கடைக்காரர், மூட்டை தூக்குகிறவர் என்று கண்ணில் பட்டவரை எல்லாம் வரைந்து தள்ளினோம். நாம் பார்க்கிறவர்கள், அவர்கள் பார்க்கப்படுகிறவர்கள் என்பது பேசாமலே முடிவான விஷயம். இவள் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறாள். நமக்கு முன்னால் அங்கே பிரின்சிபாலாக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் அறுபதுகளில் ஜாதகக் கட்டம் போல எழுத்தையும் எண்ணையும் கான்வாஸில் கொண்டுவந்தாரே, அந்த எண்களை வாசிக்க முடியாது, அதில்தான் அழகு. இவளுடைய எண்களைத் தபால்காரர் வாசித்தாக வேண்டும்! எனக்கென்னவோ இதுதான் கூடுதலாகப் பிடித்தது. நீ சண்டைக்கு வருவாய், தெரியும்.

ஒரு உதவி. அவளுக்கு ஓவிய மேற்படிப்புக்கு பரோடா போக ஆசை, ஃபீஸை நினைத்துத் தயங்குகிறாள். உன் அண்ணன் மகன் அங்கேதானே படித்தான்? உதவித்தொகைக்கு யாரைப் பார்க்க வேண்டும், ஹாஸ்டல் கிடைக்குமா என்று அவனிடம் கேட்டு எழுது. அப்புறம், தை பிறந்ததும் வருவதாகச் சொன்னாய். டிக்கெட் போட்டுவிட்டாயா இல்லையா?

அன்புடன்,
கலா