வளரியும் கைரேகையும்

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மழைதான் இந்த வருடமும் ஏமாற்றிவிட்டது. நீ அனுப்பிய உன் நாவலின் ஆறு அத்தியாயங்களையும் உன் சித்தப்பா மகன் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு முறை படித்தேன். ஃபோனில் நீ கேட்டபோது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அது பாதி உண்மை. முப்பது வருடம் வரலாறு நடத்தியவளுக்குச் சிவப்பு மையைப் பேச்சில் தொட வராது, தாளில்தான் வரும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பனி மலையும் அந்தக் கிழட்டுக் கழுகும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. கழுகு பேசுவதை நான் நம்பிவிட்டேன். உன் மலைக்குடி மனிதர்களைத்தான் நம்ப முடியவில்லை.

பேரரசு அவர்களைப் பிடித்து அறுபது வருடம் ஆகிறது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டாய். அந்த அறுபது வருடமும் அவர்கள் வாளைத் தீட்டிக்கொண்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு பாறைமேல் நிற்கிறார்கள். ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. ஒருவனும் வரி கட்டவில்லை. அவர்கள் தின்கிற தானியத்தை யார் விதைத்தார்கள் என்று ஆறு அத்தியாயத்திலும் தேடினேன், கிடைக்கவில்லை. தோற்றுப்போன ஊர் அப்படி இருக்காது, ராசா. அறுபது வருடத்தில் தோல்வி சோற்றில் கலந்துவிடும், தூக்கத்தில் கலந்துவிடும்.

இதைச் சொல்ல எனக்குப் புத்தகம் வேண்டியதில்லை, என் தாத்தா இருந்தார். ஆனால் அவரிடம் வருவதற்கு முன்னால் சிவகங்கைக்குப் போய்விட்டு வருகிறேன்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் வளரியைக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? பிறை போல வளைந்த கட்டை. ஒரு நுனி மெலிந்திருக்கும், மறு நுனி கனத்திருக்கும். மெலிந்த நுனியைப் பிடித்துச் சுழற்றி எறிவார்கள். மானை விரட்டவும் அதுதான், ஆளை வீழ்த்தவும் அதுதான். கல்யாணத்திலும் அதற்கு இடம் இருந்தது. வளைதடியை அனுப்பிப் பெண்ணை அழைத்துக்கொள் என்று ஒரு சொலவடையே உண்டு. நீ அதைப் பார்த்துவிட்டு, எறிந்தால் திரும்பி வருமா என்று கேட்டாய். வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று நான் எரிந்து விழுந்தேன். பசி நேரம்.

ஜேம்ஸ் வெல்ஷ் என்று கம்பெனிப் படையில் ஓர் அதிகாரி. மதுரையில் இருந்த இளம் வயதில் சின்ன மருதுவோடு பழகியவர். தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று 1830இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். 1801இல் மருதுவை வேட்டையாடிய படையில் அதே வெல்ஷும் இருந்தார். அந்த அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் சகோதரர்கள் இருவரையும் தூக்கில் போட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது பதினைந்து வயது. 1802 பிப்ரவரியில், எழுபதுக்கும் மேற்பட்டவர்களோடு சேர்த்து அவனையும் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். 1818இல் வெல்ஷ் பினாங்கில் அவனைப் பார்க்கிறார். யாரென்று அடையாளம் தெரியவில்லை. முப்பது வயதை ஒட்டியவன், நொந்து நலிந்த கிழவனாக நிற்கிறான். பெயரைச் சொன்ன பிறகுதான் தெரிகிறது.

உன் கதையில் எதிரிக்குத் தன் ஆயுதத்தைக் கற்றுக்கொடுத்த கை எங்கே இருக்கிறது? உன் பேரரசுத் தளபதி மலைக்குடியின் வீட்டில் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. அதனால்தான் அவன் எரிக்கிற ஊர்கள் எனக்குச் சுடவே இல்லை.

துரோகியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்றாம் அத்தியாயத்தில் பொன்னுக்காகக் காட்டிக்கொடுக்கிறானே ஒருவன், அவன் அட்டைக்கத்தி. மருதுவின் கோட்டை இருந்த காளையார்கோவிலைக் கம்பெனிப் படை எப்படிப் பிடித்தது தெரியுமா? முதலில் காட்டை வெட்டிப் பாதை போட்டார்கள். ஒரு மாதம் வெட்டியும் ஆகவில்லை, விட்டுவிட்டுத் திரும்பினார்கள். பிறகு படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கைக்கு உரியவர் என்று அறிவித்துப் பட்டம் கட்டினார்கள். ஊரில் ஒரு பகுதி அவர் பக்கம் சாய்ந்தது. அக்டோபர் முதல் தேதி கோட்டை போயிற்று. அவருக்கும் ஒரு வாரிசு நியாயம் இருந்தது, அவரை நம்பியவர்களுக்கும் இருந்தது. மருது சகோதரர்கள் அரச குடியில் பிறந்தவர்கள் அல்ல, அது ஊருக்கெல்லாம் தெரியும். கோடாலியால் முடியாததைப் பங்காளிச் சண்டை முடித்துக் கொடுத்தது. உன் துரோகிக்கும் ஒரு நியாயத்தைக் கொடு. படிக்கிறவனுக்கு அவனை வெறுக்கவும் முடியக்கூடாது, மன்னிக்கவும் முடியக்கூடாது.

1801 ஜூனில் திருச்சியில் ஒட்டப்பட்ட மருதுவின் அறிவிப்பையும் ஒரு முறை தேடிப் படி. எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் சேர்த்துக் கூப்பிடுகிற அறிவிப்பு அது. உன் மலைக்குடித் தலைவனோ ஆறு அத்தியாயத்தில் ஒன்பது முறை "நம் ரத்தம்" என்கிறான். எண்ணினேன். நம் ஊர்த் திருவிழா பேனர்களில் வாளோடு நிற்கும் பையன்களுக்குக் கீழே எழுதியிருப்பதும் அதுதான். பனி மலைக்குப் போயும் அந்த பேனர் உன்னை விடவில்லையா?

இனி தாத்தா.

கோட்டைகளை இடித்து, ஆயுதங்களைப் பறித்து, பாளையங்களை ஜமீன்களாக மாற்றிய பிறகு, ஊர்க்காவலும் போயிற்று. காவல் என்றால் ஒரு குடும்பம் ஓர் ஊரின் மாட்டுக்கும் களத்துக்கும் பொறுப்பு, திருட்டுப் போனால் மீட்டுத் தரவேண்டும், அதற்குக் கூலியாகத் தானியம். அதில் அடாவடி இல்லாமல் இல்லை. காவல்கூலி கொடுக்காத களத்தில் நெல் காணாமல் போனதும் உண்டு. நம் ஆட்கள் இதை மேடையில் சொல்லமாட்டார்கள், நான் உனக்குச் சொல்கிறேன். காவலை எடுத்துவிட்டுக் காவல்காரனுக்கு அரசு வேறு பெயர் வைத்தது. 1871இல் வடக்கே குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911இல் அதைத் திருத்தி மதராஸ் மாகாணத்துக்கும் நீட்டினார்கள். பிறந்தாலே குற்றவாளி. பத்து விரலையும் மையில் தோய்த்துப் பதிய வேண்டும். நம் பக்கத்தில் அதைக் கைரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்கள்மேல் போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அவர்களில் மாயக்காள் என்று ஒரு பெண்.

நம் தாத்தா ஒன்றும் எதிர்த்து நின்றவர் அல்ல. வரிசையில் நின்று ரேகை வைத்தவர். நான் சொல்ல வந்ததே இதுதான்.

ரேகை வைத்த ஆண்கள் இரவில் சாவடியில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். கல்யாணமான அன்றைக்கும் தாத்தா சாவடியில்தான் படுத்தார் என்று அப்பத்தா சொல்லும். அழுதுகொண்டு சொல்லாது, சிரித்துக்கொண்டுதான் சொல்லும். "பாதி ராத்திரியில் பேர் கூப்பிடுவான், ஆஜர் சொல்ல ஆள் வேண்டாமா?" என்று.

சட்டம் 1947இல் ஒழிந்தது. எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் அது போய்ப் பதினைந்து வருடமாவது ஆகியிருக்கும். ஆனாலும் பொழுது சாய்ந்தால் தாத்தாவுக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாது. சாப்பிட்டுக் கை கழுவியதும் போர்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். மழை, பனி எதற்கும் உள்ளே வரமாட்டார். ஒரு மார்கழியில் அவருக்குக் கடும் காய்ச்சல். அப்பா அவரைத் தூக்கிக்கொண்டுவந்து உள்ளே கட்டிலில் போட்டார். விடியலில் பார்த்தால் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு. பெயர் கூப்பிட்டால் எழுந்திருக்கத் தயாராக.

எனக்கு எட்டு வயதில் ஒரு நாள் என் சிலேட்டைக் கேட்டார். ஏதோ பத்திரத்துக்குக் கைநாட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், கட்டைவிரல் ரேகைதான். மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டார். தன் பெயரை எழுதிக் காட்டச் சொன்னார். அவருடைய விரலைப் பிடித்து எழுத வைத்தேன். காய்த்துப்போன கை, பலப்பம் அந்தக் கையில் நிற்காமல் உடைந்துகொண்டே இருந்தது. இருபது நாள் ஆயிற்று. கடைசிப் புள்ளியை மட்டும் மறந்து மறந்து போவார். பிறகு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, அடுப்புக்கரியால் வாசல் நிலையிலும் ஒரு முறை எழுதினார். வெள்ளையடிக்கிறவன் அதை அழிக்கக்கூடாது என்று அப்பத்தா ஒவ்வொரு பொங்கலுக்கும் சண்டை பிடிக்கும். வீரம் என்ற சொல்லை அவர் வாயில் ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

அதே அரசு அதே காலத்தில் வேறு சிலரைப் போர்க்குடி என்று கொண்டாடியது. அதையும் மறந்துவிடாதே. 1849இல் பஞ்சாபைப் பிடித்தார்கள். எட்டே வருடத்தில், 1857இல், அந்தச் சீக்கியர்களைச் சேர்த்துக்கொண்டுதான் மற்றவர்களை அடக்கினார்கள். மதராஸ் படைத்தலைவராக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியச் சிப்பாய்கள் நீண்ட அமைதியில் மந்தமாகிவிட்டார்கள் என்றார். யார் வீரன், யார் திருடன், யார் மந்தம் என்று எழுதுகிற பேனா ஜெயித்தவன் கையில் இருந்தது. நீ இப்போது இருக்கும் எடின்பரோவிலேயே பார். கட்டம் போட்ட பாவாடை கட்டிக்கொண்டு படம் அனுப்பினாயே, அழகாகத்தான் இருந்தது. 1746இல் கல்லோடன் போரில் ஸ்காட்லாந்து மலைநாட்டார் தோற்றதும் அந்த உடையையும் தடை செய்தார்கள். 1782 வரை தடை. அரசன் படையில் சேர்ந்தவன் மட்டும் கட்டலாம். 1799இல் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஏறிய படையில் மலைநாட்டு ரெஜிமெண்ட் ஒன்றும் இருந்தது. தன் ஊரில் தோற்றவனின் பேரன், அடுத்தவன் ஊரை எடுக்க வருகிறான். உன் பேரரசுக்கு இந்தப் புத்தி ஏன் இல்லை? வாளை ஒளித்துவைத்திருக்கிற மலைக்குடிப் பையனுக்குச் சம்பளமும் சீருடையும் கொடுத்து, உன்னைப் போல வீரன் உண்டா என்று முதுகில் தட்டிவிட்டால் போதுமே. அவன் அம்மா என்ன செய்வாள்? அந்தச் சம்பளத்தில்தானே அடுப்பு எரியும்? அந்த அத்தியாயத்தை எழுது. கழுகுக்கும் அதில் ஒரு வேலை இருக்கலாம்.

இவ்வளவு எழுதிவிட்டேனே என்று கோபித்துக்கொள்ளாதே. உன் அப்பா இருந்திருந்தால் பிரமாதம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார், நீயும் சந்தோஷப்பட்டிருப்பாய். பருப்புப் பொடியும் கண்டந்திப்பிலியும் அனுப்பியிருக்கிறேன். பொடியை டப்பாவில் மாற்றி வை. குளிரில் வெறும் தரையில் படுக்காதே.

ஏழாம் அத்தியாயத்தை எப்போது அனுப்புவாய்? அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று எனக்குத் தெரிய வேண்டும். உன் தலைவன் ராத்திரியில் எங்கே படுக்கிறான்?

அன்புடன்,
அம்மா