காசு விழும் தடத்தில் எண்ணெய் அடித்துவிட்டுப் போன உங்கள் ஆள்

சர்வீஸ் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பேராக், சுங்கை சிப்புட்டில் தோட்டத்துக்குப் போகும் சாலையில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். வாசலில் நிற்கும், காசு போட்டால் தீனிப் பொட்டலம் விழும் மெஷின் உங்களிடம் வாங்கியது.

போன மாதம் உங்கள் ஆள் சர்வீஸுக்கு வந்தார். கையில் ஒரே ஒரு ஸ்பிரே டின், இறுகிப்போன துரு நட்டுக்கு அடிப்போமே, அதுதான். கதவுக் கீல், தீனியைத் தள்ளிவிடும் சுருளைச் சுற்றுகிற மோட்டார் எல்லாவற்றுக்கும் அதையே அடித்துவிட்டு, கடைசியில் காசுப் பெட்டிக்குள்ளும் குழலை விட்டார். “அங்க வேணாம் தம்பி” என்றேன். “ஒன்னும் ஆகாதுண்ணே, வழுக்கிட்டுப் போகும்” என்றார். இதற்கு 60 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினீர்கள்.

மூன்றாம் நாளே 20 காசு திரும்பி வந்து விழ ஆரம்பித்தது, அப்புறம் 50 காசு பாதி வழியிலேயே நின்றுவிட்டது. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் தோட்டத்து ஆட்கள் காசைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு நிற்கிறார்கள், நான் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறேன்.

பெட்டியைத் திறந்தால், காசு உருளும் சரிவில் பழுப்பாக ஒரு பிசுக்கு, அதில் செம்மண் தூசி, ஒட்டிச் செத்த இரண்டு எறும்பு.

காசு உருண்டு போகும்போதே அதன் அளவையும் உலோகத்தையும் மெஷின் சோதிக்கிறது, அதனால் அந்தத் தடம் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும், எந்த எண்ணெயும் கூடாது, துணியால் துடைத்தாலே போதும். உங்கள் ஆள் அடித்த ஸ்பிரேயில் பெரும்பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சுகிற எண்ணெய் தூசியைத்தான் பிடித்துவைக்கும். சில பிளாஸ்டிக்கில் அது வெடிப்பே விடவைக்கும். மோட்டார் பல்சக்கரம் பிளாஸ்டிக் என்றால் சிலிக்கான் கிரீஸ், அதுவும் அரிசி அளவு. பூட்டுக்குக் கிராஃபைட் தூள். பிள்ளைகள் கைவிட்டுத் தீனி எடுக்கிற மெஷின் இது, அந்தப் பக்கம் உணவுத் தர எச்1 கிரீஸ்தான், அதாவது தவறி உணவில் கொஞ்சம் பட்டாலும் பாதகமில்லாத கிரீஸ்தான், போட வேண்டும். மெஷினை விற்கிற உங்களுக்கு இதை நான் எழுத வேண்டியிருக்கிறதே என்றுதான் ஆத்திரமாக வருகிறது. அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை, ஒரே டின்னைக் கொடுத்து அனுப்பியது நீங்கள்.

காசுப் பெட்டியை இலவசமாகக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், சரிவராவிட்டால் மாற்றித் தாருங்கள். சுருள் மோட்டார்களையும் திறந்து பாருங்கள். 60 வெள்ளியும் திரும்ப வேண்டும். ஒரு வாரத்துக்குள் ஆள் வர வேண்டும், வருகிறவர் சரியான கிரீஸோடு வரட்டும். அதுவரை காசு போடும் வாயில் அட்டை ஒட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மளிகைக்கடைக்காரர், சுங்கை சிப்புட்