மீனுக்கும் விதிவிலக்கு உண்டா?

அணுமின் நிலையங்களுக்கு உரிமம் வழங்கும் ஒழுங்குமுறை அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 2022 கோடையில் பிரான்சின் ஐந்து அணுமின் நிலையங்கள் வழக்கமான வரம்பைவிடச் சூடான நீரை ஆறுகளில் வெளியேற்றத் தற்காலிக அனுமதி பெற்றதை நீங்கள் அறிவீர்கள். மின்தேவை, எரிவாயுத் தட்டுப்பாடு என்று காரணங்களும் சொல்லப்பட்டன. எனக்கு ஒன்று விளங்கவில்லை. அந்த வரம்பே ஆறு கொதிக்கும் நாட்களுக்காக வைத்ததுதானே? பனிக்காலத்தில் ஆறு உங்கள் தயவின்றியே குளிர்ந்துகொள்ளும்.

உலையில் பிறக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் உலை, சுமார் 2,000 மெகாவாட் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. வெப்பத்தைக் காற்றில் விடும் குளிர்விப்புக் கோபுரம் இல்லாத இடங்களில் அத்தனையும் தண்ணீருக்குத்தான். 20 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதே சூட்டில் மீனின் உடலோ கூடுதல் ஆக்சிஜன் கேட்கும். வரவு குறையும் வேளையில் செலவு ஏறுகிறது. வளர்ந்த மீன் குளிர்ந்த மடுவைத் தேடி நீந்திப் போய்விடலாம். முட்டையும் குஞ்சும் எங்கே போகும்?

ஆகவே கேட்கிறேன்: ஆறு சூடேறினால் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லுங்கள், வரம்பைத் தளர்த்தாதீர்கள்.

2025 ஆகஸ்டில் பிரான்சின் கடலோரக் கிராவ்லின் அணுமின் நிலையத்தில், குளிர்விக்க உறிஞ்சும் நீரின் வடிகட்டிகளை ஜெல்லி மீன்கள் அடைத்து நான்கு உலைகள் நின்றபோது உலகமே பேசியது. கடலிலும் ஆற்றிலும் நீர் உறிஞ்சும் இத்தகைய வாய்களுக்குள் மீன் முட்டைகளும் இளங்குஞ்சுகளும் நாள்தோறும் போய்க்கொண்டிருக்கின்றன. உலையை நிறுத்தும் வலு இருந்தால்தான் ஓர் உயிர் செய்தியாகும் போலும்!

அணுமின்சாரம் வெளியிடும் கரியமில வாயு மிகக் குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் கணக்கைக் காட்டித்தான் 'தூய்மையான மின்சாரம்' என்கிறார்கள். அதில் ஆற்றின் சூட்டுக்கு ஒரு வரிகூட இல்லை. கேட்டால், விதிப்படியே நடக்கிறது என்பார்கள். விதியை வளைத்த பிறகு எது விதிப்படி நடக்காது?

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருளுங்கள். வரம்பைத் தளர்த்தாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். தளர்த்திய நாட்களுக்காவது, நிலையத்துக்கு மேலும் கீழும் ஆற்றின் வெப்பநிலை என்ன, மீன்வளம் என்ன ஆயிற்று என்பதை அடுத்த கோடைக்குள் மக்கள் பார்வைக்கு வையுங்கள்.

பணிவுடன்,
ஆற்றோரத்து வாசகன்