மேய்ச்சக்காட்டை மீட்டுக் குடுத்த எல்லாருக்கும் நன்றி

ராமநாதபுரம் டவுனை ஒட்டி, தேவிபட்டினம் ரோட்டுப் பக்கம் இருக்க நம்ம மேய்ச்சல் பொறம்போக்குல தை பொறந்ததும் ஆடு மாடு எல்லாம் எறங்கிருச்சு. கொழுக்கட்டைப் புல் முழங்கால் ஒயரத்துக்கு நிக்கிது, உள்ள நடந்தா கதிரு வேட்டில ஒட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வருது. சீமக்கருவ மண்டி ஆட்டுக்குட்டிகூட நொழைய முடியாமக் கெடந்த எடம் இது. பேரு போட வேணாம்னு பலபேரு சொல்லிட்டீங்க, அதனால பேரில்லாமலே சொல்றேன்.

கருவையை மேலாக்க வெட்டுனா அடுத்த மழைக்கே தூர்ல இருந்து கொத்துக் கொத்தா வெடிச்சு வந்துரும், தூரோட தோண்டுனாத்தான் சாகும். ஆடி வெயில்ல டீசல் காசு மட்டும் வாங்கிட்டு ஜேசிபி ஓட்டுன தம்பிக்கும், கட்டையெல்லாம் கரிமூட்டத்துக்கு எடுத்து வித்த காசுல பாதியை வேலைக்கே திருப்பிக் குடுத்த அண்ணனுக்கும் நன்றி. புரட்டாசில சாக்கு சாக்கா பாலித்தீன் பை பொறுக்குன காலேஜ் பிள்ளைகளுக்கும்தான், அம்புட்டும் மாட்டு வயித்துக்குள்ள போயிருக்க வேண்டியது.

ஆனா எல்லாருக்கும் மேல, ஊரூரா ஆட்டு மந்தை ஓட்டிட்டு வர்ற கீதாரி அண்ணன்மாருக்கும் நம்மூரு ஆட்டுக்காரங்களுக்கும்தான் நான் கடமைப்பட்டிருக்கேன். ஐப்பசி மழைக்குப் புல்லு துளிர்விடும்போது ஆட்டை விட்டா குருத்தோட கடிச்சு இழுத்துரும், வேரும் ஊனாது விதையும் கட்டாது, அதனால மார்கழி முடியிற வரைக்கும் உள்ள விட வேணாம்னு ஊர்க்கூட்டத்துல பேசுனோம். பேசுறது லேசு. அந்த நேரம் வயக்காடு பூராம் நெல்லு நிக்கும், கண்மாய்ல தண்ணி ஏறிரும், மந்தையை ஓட்டிட்டுப் போக வேற பொட்டலே கெடையாது. கண்ணு முன்னாடி பச்சையா புல்லு நிக்க, பசிச்ச ஆட்டை அந்தப் பக்கம் திரும்ப விடாம பனங்காட்டுக்கு ஓட்டுனீங்களே, அந்தப் பொறுமைதான் இன்னைக்குக் கதிராகி நிக்கிது. அவங்களுக்குத் தோப்பைத் தொறந்துவிட்ட உச்சிப்புளி பாய்க்கும், வைக்கப்போரைப் பிரிச்சுக் குடுத்த அய்த்தைக்கும் கோடி நன்றி.

ஆட்டுப் புழுக்கையோட விழுந்த கருவ நெத்து விதை மழைக்கு மொளைச்சப்ப, முள்ளு எறுகுறதுக்கு முன்னாடியே ஈர மண்ணுல குனிஞ்சு ஒண்ணொண்ணா வேரோட இழுத்துப் போட்ட மதினிமாரை மறக்கவே முடியாது. ஆட்டுக்கு வர்ற துள்ளுமாரி நோய்க்கு ஊசியும் குடல்புழு மருந்தும் மழைக்கு முந்தியே போட்டுவிட்ட கால்நடை டாக்டரம்மாவுக்கும் நன்றி, இளம்புல்லை வயிறுமுட்ட மேயுற காலத்துலதான் துள்ளுமாரி வந்து குட்டிக துடிச்சு விழும், இந்த வருசம் நம்ம மந்தையில அப்படி ஒண்ணுகூட விழல.

2026ஐ ஐநா சபை மேய்ச்சல் நிலத்துக்கும் மேய்ப்பர்களுக்குமான வருசமா அறிவிச்சிருக்கு, அந்த வருசத்துல நம்ம காடு பச்சையா நிக்கிறது எனக்கு ரொம்பப் பெருமை.

இப்போதைக்கு ரோட்டோரப் பாதி மட்டும் மேயட்டும், ஊரணிப் பக்கத்துல விதை இன்னும் உதிரணும். கோடையில நெத்து பழுத்து விழுகுறதுக்குள்ள எல்லையில மிச்சம் நிக்கிற கருவையையும் தூரெடுக்கணும், ஜேசிபி தம்பி மாசி கடைசில வர்றேன்னுட்டாரு, அவருக்கு அன்னைக்குச் சோறு எங்க வீட்டுல.