ஐப்பசி மழைக்கு முன் தளம் போட வேண்டும்: பெண்கள் வாசிப்புக் கூடத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிழைக்கும் நம் பிள்ளைகளுக்கும் கட்டடக் கமிட்டிப் பெண்களின் வணக்கம், ஸலாம், தோத்திரம்.

சுற்றி வளைக்கவில்லை. கூடத்தின் சுவர் எழும்பி நிற்கிறது, மேலே வானம்தான் தெரிகிறது. ஆவணி கடைசிக்குள் தளம் போட்டால்தான் 21 நாள் தண்ணீர் கட்டி, ஐப்பசி பிறக்குமுன் பலகையைப் பிரிக்க முடியும். அதற்கு மேல் கொத்தனார் நமக்காகக் காத்திருக்க மாட்டார், தங்கச்சிமடத்தில் அடுத்த வேலை பேசிவிட்டார். நமக்குக் குறைவது ரூ.1,81,500.

இந்தப் பெண்கள் வாசிப்பு வட்டம் எப்படி வந்தது என்று இளைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது, கட்டிய துணியோடு மண்டபம் பக்கம் வந்து சேர்ந்தவர்களில் நம் ஆச்சிமார் சிலரும் உண்டு. தலைமன்னாருக்குப் போன கப்பல், ஸ்டேஷன் கூட்டம், அந்த ராத்திரியின் காற்று என்று சிறுபிள்ளையில் பார்த்ததையெல்லாம் வலைக் கொட்டகையில் உட்கார்ந்து சொல்வார்கள். கதைதான் முதலில் இருந்தது. வாசிப்பு பிறகு வந்தது. அதுவரை கடற்பாசி எடுக்கும் பெண்களுக்குத் தீவு என்றால் வீட்டுக் கொல்லை மாதிரி. 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ம் தேசியப் பூங்காவாயின. அப்புறம் தீவுப் பக்கம் பாசிக்குப் போனால் நோட்டீஸ், அபராதம், விசாரணை. ஒட்டிய தாளில் என்ன இருக்கிறது என்று கேட்க ஓர் ஆண்பிள்ளையைத் தேடி அலைய வேண்டும். தொண்ணூறுகளில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் அறிவொளி வகுப்பு வந்தபோது அரிக்கேன் வெளிச்சத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர்கள் இந்தப் பெண்கள்தான். வகுப்பு முடிந்த பிறகும் ஐந்து பேர் விடாமல் கூடினார்கள். இன்று 41 பேர் இருக்கிறோம். எங்களில் கைநாட்டு யாரும் கிடையாது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதம் 12 நாள் கடல். மற்ற நாட்களில் வாரம் இரண்டு சாயங்காலம் வாசிப்பு. ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் ஓலை முடைந்துகொண்டே கேட்போம். நடுவில் யாராவது "எங்க மாமியாரும் இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் அன்றைக்குப் புத்தகம் அவ்வளவுதான். பாறையில் பாசி பறித்துப் பறித்து மூத்த ஆச்சிக்கு விரல்நுனித் தோல் நிற்பதில்லை. கடலுக்குச் சுற்றுகிற அதே துணியை விரலில் சுற்றிக்கொண்டு, ஈர்க்குச்சியால் பக்கம் திருப்புவார். ஒரு தாளும் கிழிந்ததில்லை.

போன ஐப்பசியில் கீற்றுக் கொட்டகை ஒழுகி, புத்தகங்கள் ஊறிய அவல் மாதிரி உப்பிவிட்டன. வெயில் வந்ததும் கருவாட்டுப் பாய்க்குப் பக்கத்திலேயே காயப்போட்டோம், வேறு இடம் இல்லை. இப்போது நீதிக்கதையைத் திறந்தாலும் நெத்திலி மணக்கிறது.

சரி, கணக்கு. 320 சதுர அடிக்கு மொத்தத் திட்டம் ரூ.5,20,000. வசூல் 3,38,500. அஸ்திவாரம் முதல் சுவர் வரை செலவு 3,17,000. கையில் இருப்பு 21,500. இனித் தளத்துக்குக் கம்பி 49,000, சிமெண்ட் 28,000, எம்-சாண்டும் ஜல்லியும் 21,000, சென்ட்ரிங்கும் கொத்தனார் கூலியும் 30,000, லாரித் தண்ணீர் 3,000. தண்ணீரையும் ஏன் வாங்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். நம் ஊர் உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து, சில வருடத்தில் தளம் பெயர்ந்து தலையில் விழும். கதவு, ஜன்னல், கரண்ட் வேலை, அலமாரி 72,000. கலவை சுமக்க நாங்களே நிற்கிறோம், அதற்குக் கூலி எழுதவில்லை.

இதுவரை கொடுத்தவர்களை மறந்தால் எங்களுக்குச் சோறு இறங்காது. 41 பெண்களும் ஆளுக்கு மூன்று நாள் பாசிக்காசைக் கொடுத்தார்கள். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் தெருப் பெண்கள் வீடு வீடாகச் சேர்த்து 11,000 கொண்டுவந்தார்கள். மாதா கோயில் சிஸ்டர்கள் இரண்டு பெஞ்சு அனுப்பினார்கள். அம்மன் கோயில் நிர்வாகம் ஒன்றரை செண்டு இடத்தை விட்டுக்கொடுத்தது. லோடு ஆட்டோத் தம்பி 90 மூட்டை சிமெண்டை வாடகை வாங்காமல் இறக்கினார். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் படகு கரையில் கிடந்தபோதுகூட ஒரு விசைப்படகுத் தொழிலாளி 500 ரூபாயோடு வந்தார். வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. அந்த ரசீதை எழுதும்போது எங்கள் கை நடுங்கியது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. போன பொங்கலன்று மேடையில் மைக்கைப் பிடித்து 14 பேர் தொகை சொன்னீர்கள், நாங்களும் கைதட்டினோம். அதில் ரூ.62,000 இன்னும் வரவில்லை. பெயரைப் பலகையில் எழுதலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது, வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறோம். திருவிழா வாணவேடிக்கைக்கு ஒரே ராத்திரியில் சேருகிற பணம் நமக்குத் தெரியாததல்ல. உங்கள் அப்பா வெளிநாட்டிலிருந்து போட்ட கடிதாசியை உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது யார் என்று வீட்டில் கேட்டுப்பாருங்கள். சரஸ்வதியோ, அல்லாவோ, மாதாவோ, அவரவர் சாமி அவரவருக்கு நினைவூட்டட்டும்.

நூறு ரூபாயானாலும் ரசீது உண்டு. ரசீதுப் புத்தகம் இல்லாமல் கேட்டு வருகிறவரிடம் கொடுக்காதீர்கள். பணமாக முடியாதவர்கள் கம்பியாகவோ சிமெண்டாகவோ கொடுக்கலாம், ஆவணி 20க்குள் சொல்லிவிட்டால் போதும்.

இப்படிக்கு,
கட்டடக் கமிட்டிப் பெண்கள்

பி.கு.: இரும்பு பீரோ தருவதாகச் சொன்ன இருவருக்கும் நன்றி. இந்தக் காற்றில் அது மூன்று மழை தாங்காது. மர அலமாரியாகத் தர முடியுமா?